திரிகொளுத்தி வீட்டு ஆண்கள்

7 நவம்பர் 1960, திங்கள்

காலையிலிருந்து மழை. நகராட்சியில் என் மேஜைக்கு இன்று மூன்று பேர்தான் வந்தார்கள், மூவருமே பிறப்பு எழுத வந்தவர்கள். இறப்பு ஏட்டைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. இப்படி ஒரு நாள் அமைவது அபூர்வம்.

புதிதாகச் சேர்ந்த ராயப்பராஜ் வேலை இல்லாவிட்டால் வாயை மூடமாட்டான். "அண்ணே, தி. அக்பர் அலின்னு கையெழுத்துப் போடுறீங்களே, அந்தத் 'தி' யாரு?" என்றான். திரிகொளுத்தி, எங்கள் வீட்டுப் பெயர் என்றேன். திண்டுக்கல் மலைக்கோட்டையில் பீரங்கி இருந்த காலத்தில் அதன் திரிக்கு நெருப்பு வைத்தவர் எங்கள் முன்னோர், அந்த வேலையின் பெயர் வீட்டுக்கே நின்றுவிட்டது என்று விளக்கினேன். "அப்பக் கோவம் வந்தா வெடிப்பீங்களாண்ணே?" என்று ஒரே சிரிப்பு. பிறகு கேட்டான்: "ஊருக்குள்ள இந்தப் பேரு எம்புட்டுப் பேருக்கு இருக்கு?"

தெரியவில்லை. ஊரில் யார் பிறந்தார், யார் செத்தார் என்று பதினேழு வருடமாக எழுதுகிறவனுக்குச் சொந்த வீட்டு ஆள் எத்தனை என்று தெரியவில்லை. பழைய ஏடுகளைப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

தாஹிராவுக்கு நாலாம் மாதம். கல்யாணமாகிப் பதினொரு வருடம் கழித்து. எதைத் தின்றாலும் வெளியே வருகிறது.

9 நவம்பர்

விளையாட்டாகத்தான் தொடங்கினேன். 1900 முதல் இறப்பு ஏடுகளை எடுத்து வைத்து, 'திரிகொளுத்தி' என்று வருகிற ஆண்களை மட்டும் ஒரு தாளில் எழுதினேன். குழந்தைச் சாவுகளை விட்டுவிட்டேன். ஒன்பது பேர்.

வயது: 38, 40, 36, 40, 29, 40, 33. எட்டாவது எங்கள் அத்தா, என்னைப் பெற்றவர், 39. அப்போது எனக்குப் பதினொன்று. ஒன்பதாவது அண்ணன் சௌகத் அலி, 40. போன வருடம். பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒளுச் செய்ய உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். அந்த வரி என் கையெழுத்தில்தான் இருக்கிறது.

நாற்பத்தொன்று என்று ஒன்றுகூட இல்லை. இரண்டு முறை பார்த்தேன். ராயப்பராஜ் என்னண்ணே என்று கேட்டான், தூசி என்றேன்.

10 நவம்பர்

எனக்கு நாற்பது. நாற்பத்தொன்று ஆவது மார்ச் 3. இன்றிலிருந்து நூற்றுப் பதின்மூன்று நாள்.

இதை ஏன் எண்ணினேன்?

20 நவம்பர், ஞாயிறு

அண்ணன் வீட்டுக்குப் போனேன். சைனம்பு மதினி கஞ்சி கொடுத்தார். சுற்றி வளைத்துக் கேட்டேன், மதினி உடனே பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்கும் தெரிஞ்சு போச்சா தம்பி? உங்கம்மாதான், எங்க மாமி, எங்கிட்ட மட்டும் சொன்னாக. அந்தப் பீரங்கிக்கு முன்னாடி ஒரு பொம்பளையோட மகன் நின்னானாம். விலகட்டும், செத்த நேரம் பொறுன்னு அவ கத்துனாளாம். உங்க பெரிய முன்னோரு பொறுக்காமத் திரியில நெருப்பை வச்சுட்டாராம். உன் பேரச் சொல்ற எவனும் நாப்பத்தொண்ணு பார்க்க மாட்டான்னு மண்ணை வாரி வுட்டு பத்துவா குடுத்தாளாம்."

அண்ணனுக்குத் தெரியுமா என்றேன். தெரியும் என்றார். "கடைசி நோன்புலயே, தம்பிகிட்டச் சொல்லாத, அவன் பயந்தவன்னு சொன்னாக."

சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். நான் பயந்தவன்தான். சபிப்பது, பலிப்பது எல்லாம் பேத்தல் என்று வேறு யாருக்காவது நடந்திருந்தால் நானே சொல்லியிருப்பேன். இங்கே நான் மட்டும் படிக்கப்போகிறேன், அதனால் எழுதிவிடுகிறேன்: பயமாக இருக்கிறது. பிள்ளை முகத்தைப் பார்ப்பேனா?

27 நவம்பர்

ஒரு யோசனை. ஒன்பது பேர் என்பது இந்த ஊர் ஏடு மட்டும்தானே? வெளியூரில் எவனாவது ஒரு கிழவன் இருந்தால் போதும். ஒரே ஒரு கிழவன்.

மதினியிடம் கேட்டு, இந்தப் பெயருள்ள மற்ற வீடுகளைத் தெரிந்துகொண்டேன். கன்னிவாடி, வத்தலக்குண்டு, வேடசந்தூர், ஒட்டன்சத்திரம், கடல் தாண்டிப் பினாங்கில் ஒன்று. மொத்தம் ஐந்தே வீடு. எல்லாருக்கும் அலுவலகப் பாணியில் ஒரே மாதிரி எழுதினேன்: "தங்கள் இல்லத்தில் திரிகொளுத்தி என்ற பெயருடன் வாழும் ஆண்கள் எத்தனை பேர், அவரவர் வயது என்ன என்று தெரிவிக்கக் கோருகிறேன்."

13 டிசம்பர்

கன்னிவாடி: நான்கு பேர். 37, 31, 12, 5.

வேடசந்தூர்: இரண்டு. 26, 1.

17 டிசம்பர்

ஒட்டன்சத்திரத்திலிருந்து பக்ருன்னிசா என்கிற பெண் எழுதியிருக்கிறாள். அழகான கையெழுத்து. கணவருக்கு 33, மகனுக்கு 6. வீட்டுக்கு வந்து போகும்படி அழைத்திருக்கிறாள்.

வத்தலக்குண்டு: மூன்று. 39, 20, 17. முப்பத்தொன்பது என்ற எண்ணைப் பார்த்து அந்த முகம் தெரியாத மனிதனுக்காக அழுகை வந்தது.

9 ஜனவரி 1961

பினாங்குக் கடிதம் வந்துவிட்டது. ஆறு பேர், மூத்தவனுக்கு 38.

ஆக என்னையும் சேர்த்துப் பதினெட்டு ஆண்கள். அவ்வளவுதான் உலகத்தில். அதில் மூத்தவன் நான்.

அலுவலகத்தில்கூட எனக்கு இப்படி மூத்தவன் மரியாதை கிடைத்ததில்லை. சிரிக்கலாம் என்று எழுதினேன், சிரிப்பு வரவில்லை.

14 ஜனவரி

மார்பில் இடது பக்கம் குத்துகிறது. டாக்டர் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, வாயு, மொச்சையைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார். அண்ணனுக்கும் வாயு என்றுதான் சொன்னார்கள்.

மாடிப்படி ஏறுவதை விட்டுவிட்டேன். பள்ளிவாசலில் ஒளுச் செய்யும்போது தூணைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறேன். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்களோ.

22 ஜனவரி, ஞாயிறு

தாஹிரா கண்டுபிடித்துவிட்டாள்.

தப்பு என் மேல்தான். ஒரு தாளில் பென்சிலால் எழுதிப் பார்த்திருந்தேன்: பெயர் திரிகொளுத்தி அக்பர் அலி. ஆண். வயது 40. காரணம் என்கிற இடத்தை மட்டும் விட்டிருந்தேன். பழக்கதோஷம். அதைச் சட்டைப் பையில் வைத்து மறந்துபோய்த் துவைக்கப் போட்டுவிட்டேன்.

"இது என்னது?" என்று முகத்துக்கு நேரே நீட்டினாள். சொன்னேன், எல்லாவற்றையும் சொன்னேன். பத்துவாவுக்குப் பயப்படுவாள் என்று பார்த்தால் கோபம்தான் வந்தது. "வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு நான் இருக்கேன், நீங்க உங்க மவுத்தை எழுதிப் பழகுறீங்களா? உங்களுக்கு ஈவு இரக்கம் இருக்கா?"

செத்த நேரம் கழித்து அவளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "பிறைக் கணக்குப் பார்த்தா உங்களுக்கு நாப்பத்திரெண்டு முடிஞ்சு ஒரு மாசத்துக்கு மேலாச்சு. அந்தப் பொம்பள என்ன இங்கிலீசு காலண்டரா வச்சிருந்தா?"

எனக்கு இது தோன்றவே இல்லை! ஆனால் ஏடு இங்கிலீஷ் வருடம்தானே, அதில் ஒன்பது பேரும் அப்படித்தானே போயிருக்கிறார்கள் என்று சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். கடைசியில் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்: "நீங்க எப்படியோ போங்க. எம் புள்ளைக்கு அந்தப் பேரு வேண்டாம்."

நானும் வேண்டாம் என்றேன்.

29 ஜனவரி, ஞாயிறு

ஒட்டன்சத்திரம் போய் வந்தேன். தாஹிராதான் விரட்டினாள். நாலு பேர் முகத்தைப் பார்த்தாலாவது புத்தி வரும் என்றாள். நடந்ததை நடந்தபடி எழுத முயல்கிறேன்.

பக்ருன்னிசாவின் கணவர் தக்காளி லாரியோடு கேரளா போயிருந்தார். அவள் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். வாசலில் ஒரு பெரியவர் கத்தரிக்காய் மூட்டையைத் தனியாளாக இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். வெள்ளைத் தாடி, நல்ல கட்டான உடம்பு. கூலியாள் என்று நினைத்து, இந்த வயதில் இவரை வேலை வாங்குகிறீர்களே என்றேன்.

"ஏனுங்க, அவருங்க எங்க மாமா. மீரான் ராவுத்தர். எங்க வூட்டுக்காரருக்கு அத்தா. சொன்னாக் கேக்க மாட்டாருங்க. அறுவத்தெட்டு ஆச்சுங்க."

கணவருக்கு அத்தா என்றால் அவரும் திரிகொளுத்திதானே? ஏனம்மா எனக்கு எழுதவில்லை என்று கேட்டேன்.

"நீங்க அந்தப் பேரு இருக்கறவங்களைத்தானுங்க கேட்டீங்க? மாமாவுக்கு இப்ப அந்தப் பேரு இல்லீங்களே. அவரு செக்கடியாருங்க. நாப்பது வயசுல மாத்திக்கிட்டாருங்க."

நான் எழுந்து பெரியவரிடம் போய், நான் திண்டுக்கல் திரிகொளுத்தி வீடு என்றேன். அவர் மூட்டையை விட்டுவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "அந்தப் பேரை இங்க சொல்லாதீங்க தம்பி!" அறுபத்தெட்டு வயது மனிதர். முகத்தில் என் பயமே இருந்தது.

பிறகு கிணற்றடிக்குக் கூட்டிப் போய் மெதுவாகச் சொன்னார். நாற்பது நெருங்கும்போது அம்மா வீட்டுப் பெயரைச் சொல்லி ஒரு பாத்திஹா ஓதி, இந்தப் பெயரை விட்டுவிட வேண்டுமாம். உயிர் வாங்குகிற மலக்கு ஏட்டைப் பார்த்துத் தேடி வந்தால், அப்படி ஒருவர் இங்கே இல்லைங்க என்று ஆகிவிடுமாம். அவருடைய அத்தா அப்படி விட்டு எழுபத்தொன்பது வரை இருந்தாராம். காரணத்தை யாரிடமும் சொல்லக்கூடாது. மகனுக்கு முப்பத்தொன்பது முடிந்ததும் தகப்பன் காதில் சொல்லுவானாம்.

எங்கள் அத்தா முப்பத்தொன்பதிலேயே போய்விட்டார். அண்ணன் காதிலும் என் காதிலும் சொல்ல ஆள் இல்லை.

"மார்ச்சு மூணுன்னா இன்னும் நாள் இருக்குதுங்க தம்பி. விட்டுருங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

31 ஜனவரி

நான் எவ்வளவு பெரிய முட்டாள். ஏட்டில் செத்தவர் பெயரை மட்டும் பார்த்தேன், தகப்பன் பெயர் என்கிற பத்தியைப் பார்க்கவே இல்லை. இன்று பார்த்தேன். தகப்பன் பெயரை மட்டும் பழையபடியே கொடுத்திருக்கிறார்கள். செத்த தகப்பனுக்கு இனி என்ன பயம் என்று நினைத்திருப்பார்கள் போல.

வேறு வேறு வீட்டுப் பெயரில், திரிகொளுத்தி பெற்ற மக்கள் பதினொரு பேர். 58, 71, 66, 84, 62... எண்பத்து நாலு! பொன்னகரத்துப் பழக்கடைக்காரர். சிறு வயதில் அவர் கடையில் சிறுமலைப் பழம் வாங்கித் தின்றிருக்கிறேன். என் சொந்தக்காரர் என்றே தெரியாது.

நாற்பதைத் தாண்டுகிறவன் எல்லாம் பெயரை விட்டுவிடுகிறான். தாண்டாதவன்தான் அந்தப் பெயரில் சாகிறான். பிறகு ஏட்டில் வேறு என்ன இருக்கும்? ராயப்பராஜிடம் சொன்னேன். "அப்பப் பேரு யாரையும் கொல்லலண்ணே, பயந்துதான் ஓடியிருக்காக" என்றான்.

தாஹிரா கேட்டுவிட்டு, அல்ஹம்துலில்லாஹ் என்று மட்டும் சொன்னாள். நிறைய சாப்பிட்டாள்.

12 பிப்ரவரி

ஜனத்தொகைக் கணக்கு தொடங்கிவிட்டது. வீடு வீடாக ஏறி இறங்குகிறேன். சர்க்கார் தாளில் வீட்டுப் பெயருக்கு இடம் இல்லை.

கணக்குப் புரிந்துவிட்டது, பயம் போகவில்லை. புரிந்தால் போய்விடும் என்று நினைத்தேன். அத்தா 39. அண்ணன் 40. அவர்கள் செத்தது கணக்குப் பிழை இல்லையே.

25 பிப்ரவரி

நோன்பு ஒன்பதாவது நாள். படி ஏறும்போது மூச்சு வாங்குகிறது. நோன்பா? அதுவா?

2 மார்ச், வியாழன்

நோன்பு திறக்க மதினி வந்திருந்தார். போகும்போது அழுதார். "ஒரு நாளு வேலை தம்பி. பாத்திஹா ஓதிட்டா முடிஞ்சுபோச்சு. உங்க அண்ணனுக்குச் சொல்ல ஆள் இல்ல, உங்களுக்குத்தான் சொல்லிட்டாகல்ல?"

அண்ணனுக்குக் கிடைக்காதது எனக்குக் கிடைத்திருக்கிறது. விட்டுவிட்டால் இன்று நிம்மதியாகப் படுக்கலாம். அம்மா வீட்டுப் பெயர் நல்ல பெயர்தான்.

ஆனால் நானும் விட்டால் ஏட்டில் நாற்பத்தொரு வயதுத் திரிகொளுத்தி ஒருவன்கூட வரமாட்டான். என் பிள்ளை ஒருநாள் இதே ஏட்டைப் புரட்டி இதே பட்டியலை எழுதிவிட்டு, தூணைப் பிடித்துக்கொண்டு உட்காருவான். பெயரை அவனுக்கு வைக்காவிட்டாலும் ரத்தம் அதுதானே என்று நினைப்பான். எனக்குத் தெரியும், அவன் என் பிள்ளை.

தாஹிராவிடம் கேட்டேன். "விடாதீங்க" என்றாள். பிறகு, "விடாதீங்கன்னு சொல்லிட்டேன். ஏதாவது ஆச்சுன்னா நான் என்ன செய்வேன்?" என்று என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

3 மார்ச், வெள்ளி

நாற்பத்தொன்று. ஜும்ஆவுக்குப் போனேன். தூணைப் பிடிக்கவில்லை. நோன்பு திறந்தேன்.

4 மார்ச்

இருக்கிறேன்.

19 ஏப்ரல் 1961

ஆண் குழந்தை. ராயப்பராஜே பிறப்பு ஏட்டைத் திறந்து எழுதினான். தகப்பன் பெயர் என்னண்ணே என்று தெரியாதவன் போலக் கேட்டான். "திரிகொளுத்தி அக்பர் அலி" என்றேன். குழந்தைக்கும் அதே வீட்டுப் பெயர்தான், தாஹிராவே சொல்லி அனுப்பினாள்.

11 ஜூன் 1968

ஏழு வருடமாக இந்த நோட்டைத் தொடவில்லை. பையன் பள்ளிக்கூடத்துக்குக் காகிதம் தேடி, பழைய பெட்டியிலிருந்து எடுத்து வந்தான். நல்லதாகப் போயிற்று, இன்று பக்ருன்னிசாவின் கடிதம் வந்திருக்கிறது.

"மாமா போன புதன்கிழமை மவுத்தாயிட்டாருங்க. படுக்கையில இருந்தப்ப, திண்டுக்கல் தம்பி இருக்காரான்னு கேட்டாருங்க. இருக்காருங்க, நாப்பத்தெட்டு ஆச்சு, அதே பேருதான்னு சொன்னேன். சிரிச்சாருங்க. அப்ப என் சாவை எழுதறப்ப எங்க அத்தா வச்ச பேரையே எழுதச் சொல்லும்மான்னு சொன்னாருங்க. எழுதிட்டோம்."

எனக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை.

பழைய தாள் இன்னும் நோட்டுக்குள்ளேயே இருக்கிறது, மடிப்பில் கிழிந்து. ஒன்பதாவது வரியில் அண்ணன், 40. அதற்குக் கீழே பேனாவால் எழுதினேன்:

10. திரிகொளுத்தி மீரான் ராவுத்தர், ஒட்டன்சத்திரம். வயது 75.