செல்விக்கு வைத்த சும்மாடு

14.5.1995, ஞாயிறு

பிள்ளைகளைப் பெங்களூர் பொருட்காட்சிக்குக் கூட்டிப் போனேன். கட்டட வேலை செய்வதுபோல அங்கே ஒரு விளையாட்டு இடம். செல்வியும் பாபுவும் மஞ்சள் தொப்பி போட்டு, தலையில் சட்டி வைத்து பிளாஸ்டிக் செங்கல் சுமந்தார்கள். செல்வியின் சட்டி தொப்பியில் வழுக்கி வழுக்கி விழுந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. தொப்பியைக் கழற்றி, துண்டைச் சுருட்டிச் சும்மாடு வைத்தேன்.

"கழுத்தை ஆட்டாம நட, கண்ணு."

சட்டி அசையவே இல்லை.

"உனக்கெப்படிம்மா தெரியும்?"

"தண்ணிக் குடம் தூக்கின பழக்கம்" என்றேன். ஏன் மறைத்தேன்? சித்தாள் வேலை என்ன திருட்டா? கல்யாணத்துக்கு முன்னே, சாரத்தில் ஏறும்போது நாங்கள் என்ன சிரிப்பு சிரிப்போம்!

திரும்பும்போது ஓசூரில் பஸ் ஒரு பெரிய கம்பெனியைத் தாண்டியது.

"எவ்ளோ உசரமான செவுரும்மா!" என்றாள் செல்வி.

ஆமாம் என்று மட்டும் சொன்னேன். அதில் பாதிக் கல் என் தலையில் ஏறிப் போனதுதான்.