கிளட்ச்சில் இருந்த கால்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. இங்கே அப்பாவுக்கும் எனக்கும் குறையில்லை, நம் லாரிதான் படுத்துவிட்டது. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் ஆறு மாதத்துக்கு முன்னால் "வண்டியப் பத்தி உனக்கு என்னடா தெரியும்" என்று போனில்தான் உன்னிடம் கத்திவிட்டு வைத்தேன், அதனால் இதை எழுதித்தான் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "மன்னிப்புக் கடிதமா? ஒரு நோட்டு பத்தாதே" என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

இந்த வருடம் வண்டி என்னைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. முதலில் ரேடியேட்டர் ஒழுகியது, அதைப் பற்றவைத்து முடிப்பதற்குள் செல்ப் மோட்டார் போனது, மர மில் ஆட்கள் நாலு பேர் தள்ளினால்தான் காலையில் கிளம்பும், பிறகு பின்பக்க ஸ்பிரிங் பட்டை இரண்டு முறிந்தது. இதெல்லாம் பழைய வண்டிக்கு வருவதுதான், ஒரு வார வாடகையில் சரிக்கட்டிவிடலாம். கிளட்ச் அப்படியில்லை. கியர்பாக்ஸை இறக்க வேண்டும், பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் எல்லாவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டும், கூலியோடு இரண்டு மாத வருமானம் போய்விடும். அது கருகியபோதுதான் நம் டிரைவரை, ஒன்பது வருடம் என்னோடு மாறி மாறி ஓட்டியவனை, பட்டறையில் அத்தனை பேர் முன்னாலும் "கிளட்ச் மேலயே கால வச்சுக்கிட்டு ஓட்டுனா பிளேட் எப்படிடா தாங்கும், நாளைலேர்ந்து வராத" என்று விரட்டினேன். அவனுக்காகப் பேசிய உன்னையும் கடித்துக் குதறினேன். அவன் சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

அன்றிலிருந்து நான் ஒருத்திதான் ஓட்டினேன். போன மாதம் லோடோடு ஒரு மேட்டில் ஏறும்போது இன்ஜின் மட்டும் கத்துகிறது, வண்டி நகரவில்லை, ஒரே கருகல் நாற்றம். மெக்கானிக் பிளேட்டைக் கழற்றி, போன தடவை கழற்றி மூலையில் போட்ட பழைய பிளேட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தன. "இந்தத் தடவ யாருக்கா ஓட்டுனது?" என்று கேட்டார். அப்புறம்தான் சொன்னார், நான் விரட்டிய அன்று சாயங்காலமே டிரைவர் அவரிடம் வந்தானாம். "அக்கா காலு பெடல் மேல இருக்கறது அக்காவுக்கே தெரியலண்ணே, செருப்பு கழண்டு விழுந்தாக்கூடத் தெரியாம நடக்கறாங்க, சர்க்கரைல கால் மரத்துப்போச்சு போல. வெளிய சொல்லிடாதீங்க, அப்புறம் யாரும் அவங்கள ஓட்ட விடமாட்டாங்க" என்றானாம். பிரேக் மிதிக்கிற காலும் அப்படி ஆவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இப்போது சொல்கிறேன் என்றார் மெக்கானிக். "நான் ஓட்டறேங்கா, நீங்க உக்காருங்க" என்று அவன் அடிக்கடி சொல்வான், என் சீட்டுக்கே ஆசைப்படுகிறான் என்று நினைத்தேன் பாவி.

தேடிப் போனேன். சிமெண்ட் கிடங்கில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். கிளட்ச்சைக் கருக்குகிறவன் என்று நான் கட்டிவிட்ட பேர் ஸ்டாண்டு முழுக்கப் பரவி, யாரும் அவன் கையில் வண்டி கொடுக்கவில்லை. என்னைப் பார்த்ததும் "தம்பி எப்படிக்கா இருக்கான்" என்று உன்னைத்தான் முதலில் கேட்டான். திரும்பி வந்துவிடு என்றேன். "வேணாங்கா. உங்க மேல கோவமில்ல. ஆனா அன்னைக்கு அத்தன பேரு பாத்தாங்கல்ல" என்றான்.

மறுநாள் லாரி ஸ்டாண்டுக்குப் போய், டீக்கடையில் இருந்த முதலாளிகள், டிரைவர்கள் எல்லாரையும் கூப்பிட்டு, இரண்டு தடவையும் கருக்கியது என் கால்தான், எனக்குப் பாதத்தில் உணர்ச்சியே இல்லை, அவன் மேல் ஒரு தப்பும் இல்லை என்று சொன்னேன். இனி எனக்கு ஒருவரும் லோடு தரமாட்டார்கள் என்று சொல்லும்போதே தெரியும். இருபத்திரண்டு வருடம் ஓட்டியிருக்கிறேன், ஒரு வண்டியிலும் உரசியதில்லை. போகட்டும். அந்த வாரமே ஒரு முதலாளி அவனைக் கூப்பிட்டுச் சாவி கொடுத்தார். நம் வண்டி வாசலில் நிற்கிறது, அப்பா அதில் கொடி கட்டித் துணி காயப்போடுகிறார்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன், இனி வண்டி ஓட்டவே கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். திரும்பி நடந்து வரும்போது பின்னால் ஹாரன். அவன்தான். பார்க்காத மாதிரி போயிருக்கலாம், நிறுத்திக் கதவைத் திறந்து "ஏறுங்கக்கா" என்றான். அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். மன்னித்துக்கொள் என்று சொல்ல நினைத்தவள், தலையைக் குனிந்துகொண்டு அவன் காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு கியர் போட்டதும் அந்தக் கால் பெடலை விட்டு எழுந்து ஓரமாகப் போய் உட்கார்ந்தது. ஒரு தடவைகூடத் தவறவில்லை. ஒன்பது வருடம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து போயிருக்கிறேன், ஒரு நாளாவது குனிந்து பார்த்திருக்கலாம் என்று நினைத்ததும் அழுதுவிட்டேன்.

உன்னிடம் கத்தியதையும் மனதில் வைத்துக்கொள்ளாதே. நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் அவனுக்குப் போன் பண்ணு. எனக்காக எதுவும் பேசாதே, எப்படி இருக்கிறாய் என்று மட்டும் கேள்.

இப்படிக்கு,
என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா