பாட்டு நோட்டில் கிழித்த தாள்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இன்று திருவிருந்துக்கு எழுந்து போக முடியவில்லை. பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆராதனை முடிந்ததும் நேரே ரூபி வீட்டுக்குப் போனேன். பாடகர் குழுவில் என் பக்கத்தில் நிற்பவள்.

பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொல்லிவிட்டேன். ஒன்பது வருடத்துக்கு முன் அவளைப் பற்றி அசிங்கமாக மொட்டைக் கடுதாசி எழுதி, பாப்பிரெட்டிப்பட்டி மாப்பிள்ளை வீட்டுக்குப் போட்டது நான்தான் என்று. அந்தச் சம்பந்தம் நின்றது. அப்புறம் அவளுக்கு எதுவும் அமையவில்லை.

ரூபி நிமிரவில்லை. "தெரியுங்கக்கா. கடுதாசிய அவங்க எங்கிட்டதான் திருப்பிக் குடுத்தாங்க. வூட்ல யாருக்கும் காட்டல. எடது கையில எழுதியிருந்தீங்க. ஆனா தாளு நம்ம ரெண்டு பேரு பாட்டு நோட்டுல கிழிச்சது."

அன்றைக்கே தெரியும். அதற்குப் பிறகும் ஞாயிறுதோறும் என்னோடு ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்திருக்கிறாள். நான் கண்ணாடி மறந்த நாட்களில் என் பக்கம் சாய்த்துப் பிடித்தாள். நான் மன்னிப்பே கேட்க மாட்டேன் என்று இருந்தபோதே. கிருபை, கிருபை என்று எத்தனை பாட்டு பாடியிருப்பேன். அது பக்கத்தில் நின்று கூடவே பாடியிருக்கிறது.

காலில் விழப் போனேன். தடுத்துவிட்டாள். "நான் எப்பவோ மன்னிச்சிட்டேன். எங்கம்மாதான், சம்பந்தம் பேசறப்ப தான் ஏதோ வாய்விட்டதாலதான் கெட்டுப்போச்சுன்னு இன்னும் அழுவுது. ஏரியூர்ல அண்ணன் வூட்ல இருக்குது. அதுகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

நாளைக் காலை முதல் பஸ்ஸிலேயே ஏரியூர் போகிறேன். அந்த அம்மா என் முகத்தில் விழிப்பாரோ, மாட்டாரோ. கூட வந்து, சொல்லி முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பதாக ரூபி சொல்லியிருக்கிறாள்.