பெயர் வைக்கப் போன நீலப்பூச் செடி

பிப்ரவரி 3, 1991, ஞாயிறு
காலையில் பனி. ஒன்பது மணிக்கே சுள்ளென்று வெயில். ஒரகடம் ஏரியில் பிடுங்கி, அழுத்திக் காயவைத்திருக்கும் செடிகளுக்குச் செய்தித்தாள் மாற்றினேன். அந்த நீலப்பூச் செடியும் நன்றாகக் காய்ந்துவிட்டது. தரையோடு படர்ந்து, அடியிலேயே ஏழெட்டுக் கிளை. இதன் சாதி சனமெல்லாம் நெட்டையாக நிற்பவை. இப்படி ஒன்று எந்த நூலிலும் இல்லை. புது இனமேதான்! தண்டலம் கல்லூரியில் பாடம் நடத்தியே காலம் போய்விடும் என்றிருந்தேன்.
வாங்க: பசை, நூல், மண்ணெண்ணெய்.

5, செவ்வாய்
ஆய்வு வழிகாட்டி சாரிடம் காட்டினேன். லென்ஸில் வெகுநேரம் பார்த்தார். "எழுதிடும்மா. பேர் என்ன வைக்கப் போற?" தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது மரபில்லை. சார் தொண்டையைக் கனைத்தார்; தன் பெயரை வைக்கச் சொல்லும் ஜாடை. புரியாத மாதிரி இருந்துவிட்டேன். செடியைக் காட்டியது ஏரியில் ஆடு மேய்க்கும் ஆரோக்கியம். அவள் பெயருக்கு லத்தீன் வால் ஒட்டி எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.

9, சனி
ஆரோக்கியத்திடம் சொன்னேன். வாயெல்லாம் பல். "என் பேரா? மாதா கோயில்ல எல்லார்கிட்டயும் சொல்லப் போறேன் டீச்சர்!" செடியைப் பற்றி எழுதிய கட்டுரையைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். 'அடியில் கிளைப்பது' என்றதும் நிறுத்தினாள்.
"ஐயே, அது ஆடு கடிச்சது டீச்சர். கொழுந்தக் கடிச்சா அடியில கெளைக்கும். உட்டா நெட்டுக்கா போவும்."
வீட்டுக்கு வந்து, அந்தச் செடி ஒட்டிய ஆறு தாளையும் பார்த்தேன். ஆறிலும் நுனி இல்லை. பிடுங்கும்போது ஒடிந்தது என்றல்லவா நினைத்தேன். மக்கு. படித்த மக்கு.

10, ஞாயிறு
இருவருமாக, புதிதாய் முளைத்த இருபது கன்றுகளைச் சுற்றி, ஆடு வாய் வைக்காதபடி முள் அடைத்தோம். ஆரோக்கியத்துக்குக் கையில் ரத்தம்.

11, திங்கள்
கட்டுரையை இப்போது அனுப்ப வேண்டாம் என்றேன். "ஆடு மேய்க்கிறவ சொன்னாளாமா!" என்றார் சார். தட்டச்சும் ஆகிவிட்டது. பேசாமல் அனுப்பினால் யாருக்குத் தெரியும்? இப்படித் தோன்றியதை எழுதவே வெட்கம்.

மார்ச் 2, சனி
முள்ளுக்குள் இருந்ததெல்லாம் ஒற்றைத் தண்டு, சாண் உயரம். எல்லாருக்கும் தெரிந்த பழைய செடி. வெளியே கடிபட்டதெல்லாம் படர்ந்துதான் கிடக்கிறது. எனக்கு முன்பே ஆரோக்கியம் வந்து பார்த்திருக்கிறாள்.
"ஊரு பூரா சொல்லிட்டனே டீச்சர்," என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்றைக்கு நீ வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே, உன் பெயராவது நின்றிருக்குமே என்றேன்.
"இன்னா டீச்சர் நீ. என் பேர வெச்சிக்கினு அது பொய் சொல்லினு திரியணுமா?"
ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

4, திங்கள்
சாரிடம் இருந்த கட்டுரையைத் திரும்ப வாங்கினேன். சார் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடிபட்டது ஒன்று, கடிபடாதது ஒன்று, இரண்டையும் ஒரே தாளில் ஒட்டி, பழைய பெயரை எழுதினேன். 'சேகரித்தவர்' என்ற இடத்தில் ம. ஆரோக்கியம், ஒரகடம். என் பெயரைப் போடவில்லை.