பன் மாவில் கலக்கச் சொன்ன பொடி

பாய்,

இன்று காலை அந்தப் பழைய சேல்ஸ்மேன் மறுபடி வந்தான். மாவை மிருதுவாக்கும் அதே பொடிதான், பாக்கெட் மட்டும் புதுசு. பிரித்ததும் அழுகிய முட்டை வாடை அடித்தது. நீங்கள் இருந்திருந்தால், "யா அல்லா, இதையா பன்னுல போடச் சொல்லுதான்?" என்று மூக்கைப் பொத்தியிருப்பீர்கள்.

ராஜபாளையத்தில் நாம் கூட்டாக நடத்திய பேக்கரிக்கு அது முதலில் வந்ததும் ஒரு நோன்பு மாதத்தில்தான். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த உங்கள் மச்சினன், அது மனுச முடியிலிருந்து எடுக்கிற அமினோ அமிலம் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டார். முடி என்றால் ஹராம். உங்கள் முகம் போன போக்கு! சேல்ஸ்மேன் சத்தியம் செய்தான்: "முடியெல்லாம் அந்தக் காலம் பாய். இப்போ பாக்டீரியாவோட என்சைமை வச்சுத் தொட்டியில தயாரிக்காங்க." நான் நம்பினேன். நீங்களா நம்புவீர்கள்? ஒரு சிட்டிகையை அடுப்பில் போட்டுத் தீய்த்தீர்கள். முடி பொசுங்கும் நாற்றம். "மோந்து பாருங்க அண்ணாச்சி, முடியேதான்!" பிசைந்த மாவு அத்தனையையும் மாட்டுக்குக்கூட வைக்காமல் குழி தோண்டிப் புதைத்தீர்கள்.

கல்லூரியில் வேதியியல் நடத்தும் என் மகள் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "முடியில எடுத்தாலும் பாக்டீரியா வச்சுச் செஞ்சாலும் பொருள் ஒண்ணுதாம்ப்பா. எரிச்சா ரெண்டும் அப்படித்தான் நாறும்." உங்களிடம் சொன்னேன். அசடு வழிவீர்கள் என்று பார்த்தால், சந்தேகம் இன்னும் கூடிவிட்டது.

"அப்போ மூக்கை நம்ப ஏலாது. ஆளைத்தான் நம்பணும். இவன் நம்புத ஆளா?"

பொடி நின்றது. நம் பன் சாயங்காலமே இறுகிவிடும், எதிர்க்கடைப் பன் மறுநாளும் பஞ்சுபோல இருக்கும். கூட்டம் அங்கே போனது. உங்கள்மேல் எனக்கு அப்படியொரு ஆத்திரம்.

நீங்கள் இல்லாத முதல் நோன்பு இது. இந்தப் பொடி இல்லாமல் கடை இன்னொரு வருஷம் தாங்காது. சேல்ஸ்மேன் ஹலால் சான்றிதழை நீட்டினான். "செய்யிற இடத்தை நீ பாத்திருக்கியா?" என்றேன். "எல்லாரும் போடுதாங்க அண்ணாச்சி..." என்று இழுத்தான். பொய் சொல்கிறான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இழுவை எனக்குப் பிடிக்கவில்லை. "வச்சிருங்க, நாளைக்கு வாரேன்" என்று போய்விட்டான்.

சாயங்காலம் உங்கள் தெருப் பெண்கள் நோன்பு திறக்கப் பன் வாங்க வந்தார்கள். இதில் என்ன போடுகிறீர்கள் என்று ஒருத்திகூடக் கேட்கவில்லை. பாய் கடைப் பன் என்று குழந்தை கையில் கொடுத்துக் கூட்டிப் போனார்கள்.

நாளை பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன், பாய். நீங்கள் கேட்டிருப்பீர்கள் என்று நம்பித்தான் அவர்கள் இன்னும் கேட்காமல் வாங்குகிறார்கள்.