அப்பா அடைத்த ஓட்டைகள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் நலம், படகும் இப்போதைக்கு நலம். நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, லீவு நாளிலாவது பகல் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். போனிலேயே பேசியிருக்கலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு நடுநடுவே திருத்தம் சொல்வார். இதை அவர் திருத்தாமல் நீ தெரிந்துகொள்ள வேண்டும். எப்படியாவது அந்தப் படகை விற்க வைத்துவிடு, எனக்கு இங்கே தூக்கம் வரவில்லை என்று நீ சொன்னாய், நானும் சரி என்று வாக்குக் கொடுத்தேன். அதற்குத்தான் இந்தப் பதில்.

அப்பா ஆஸ்பத்திரிக் குழாய் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்த அன்று கருவிப்பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, "இனிமே இதுக்கு வேலை இல்லை" என்றார். அந்தக் குரலை நீ கேட்கவில்லை, நான் கேட்டேன். அதற்குப் பிறகு ஜன்னலோர நாற்காலிதான், பேச்சும் குறைந்துபோனது. பக்கத்துத் தெரு பாட்டு டீச்சர் ஊரை விட்டுப் போகும்போது தன் பழைய பாய்மரப் படகைத் தள்ளிவிடப் பார்க்கிறார் என்று யாரோ சொல்ல, சும்மா பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவர் வாங்கிவிட்டு வந்து நின்றார். நீச்சல் தெரியாது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதைக்கூட மாடியில் காயப்போட்ட துணியைப் பார்த்துத்தான் சொல்வார். பழைய படகு வாங்குகிறவர்கள் அடிப்பக்கத்தைத் தட்டிப் பார்ப்பார்களாம், ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பார்களாம், விவரம் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போவார்களாம். இவர் உள்ளே இருந்த குட்டி வாஷ்பேசின் குழாயைத் திறந்து மூடிப் பார்த்திருக்கிறார். சொட்டவில்லை, அதனால் நல்ல படகு என்று முடிவு.

வாங்கிய பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அடியில் சிப்பி அப்பிக் கிடந்தது, பேட்டரி செத்திருந்தது, உள்ளே மெத்தையெல்லாம் பூஞ்சை நாற்றம். காலையில் காபி குடித்த கையோடு கிளம்பினால் இருட்டுவதற்குள் முதுகைப் பிடித்துக்கொண்டு வருவார், சட்டையெல்லாம் பெயிண்ட். நான் படகுக்குச் சக்களத்தி என்று பேர் வைத்தேன், அவருக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட. காற்றுப் பிடிக்கிற பாயில் தையல் விட்டுப்போய்விட்டது, யாரிடம் கொடுக்கலாம் என்று ஒருநாள் சுருட்டி எடுத்து வந்தார். வேலைக்குப் போன காலம் முழுக்கத் துணிக் கம்பெனியில் தையல் சரிபார்க்கிற மேஜையில் நின்றவள் நான், என்னிடமே யாரிடம் கொடுக்கலாம் என்று கேட்கிறார். பருத்தி நூலில் போட்டிருந்த பழைய தையலை முழுக்கப் பிரித்து, கெட்டியான நைலான் நூலில் இரட்டைத் தையல் போட்டேன். முடிகிற வரைக்கும் கூடம் முழுக்கப் பாய் விரிந்து கிடந்தது, நாங்கள் சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிட்டோம். உன்னிடம் இதைச் சொல்லவில்லை, விற்கச் சொல்கிறவள் தைத்தும் கொடுக்கிறாளா என்று கேட்பாய் என்பதால்.

ஆனாலும் வாக்கு வாக்குதானே. மருந்துக்கடைக்காரருக்குப் படகு ஆசை உண்டு என்று தெரிந்ததும், அப்பாவிடம் மூச்சு விடாமல், ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கள் என்று சொல்லி வைத்தேன். அந்த வாரம் நாங்கள் அத்தை வீட்டுக்குப் போயிருந்தோம், இங்கே விடாத மழை. திரும்பிய அன்று படகுத்துறைக்குப் போனால் மற்ற படகுகளெல்லாம் நேராக நிற்கின்றன, நம்முடையது மட்டும் பின்பக்கம் அமுங்கி மூக்கைத் தூக்கிக்கொண்டு கிடக்கிறது. பின்னால் உட்காருகிற பள்ளம் தொட்டி மாதிரி நிறைந்து, உள்ளறைக்கும் தண்ணீர் இறங்கியிருந்தது. அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் இறங்கிவிட்டார். நானும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு வாளியோடு இறங்கினேன், அதுதான் நான் முதன்முதலாக அதில் கால் வைத்தது. பக்கத்துப் படகுக்காரர், பல் டாக்டர், அவரும் இறைக்க வந்தார். தண்ணீர் வடிந்ததும் பள்ளத்தின் தரையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "ஏங்க, மழைத்தண்ணி வெளியே போற ஓட்டையை யாருங்க அடைச்சது?" என்று கேட்டார்.

யார் அடைத்திருப்பார்கள்? தண்ணீரில் மிதக்கிற சாமானில் ஓட்டையைப் பார்த்தால் உன் அப்பா சும்மா விடுவாரா? பாட்டு டீச்சர் இத்தனை நாள் கவனிக்காமல் விட்டிருக்கிறாரே என்று பரிதாபப்பட்டு, மூலைக்கு ஒன்றாக இருந்த இரண்டையும் பசை வைத்து, மேலே பூச்சு பூசி, தேய்த்து, பெயிண்டும் அடித்து அடைத்திருக்கிறார். எங்கே இருந்தது என்றுகூடத் தெரியாது, அத்தனை சுத்தமான வேலை. அந்தப் பள்ளத்தின் தரை வெளித்தண்ணீருக்கு மேலேதான் இருக்கிறதாம், ஓட்டை வழியாக மழைத்தண்ணீர் வெளியே போகுமே தவிர எதுவும் உள்ளே வராதாம். இதைச் சொல்லும்போதே டாக்டர் சிரித்துவிட்டார், நல்ல மனுஷர்தான், சிரிப்பு வந்துவிட்டது, என்ன செய்ய. எனக்கும் வந்தது. அப்பாவைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார், "எனக்குத் தெரிஞ்சது அந்த ஒரு வேலைதான். அதுவே இங்க தப்பாப் போச்சு. வித்துடலாம்." அதே குரல், கருவிப்பெட்டியைத் தள்ளிய அன்று கேட்ட அதே குரல். நீயும் நானும் கேட்டது கையில் வந்து விழுந்துவிட்டது, நான் வாய் திறந்து கேட்காமலே. எனக்குச் சந்தோஷம் வரவில்லை மகளே. மருந்துக்கடைக்காரர் வருகிறார் என்பதை அப்போதுதான் சொன்னேன். ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்றுகூடக் கேட்கவில்லை, வரட்டும் என்று போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் மட்டும் துறைக்குப் போய் அந்த இரண்டு ஓட்டைகளையும் திறந்துவிட்டு வந்தார், வாங்குகிறவரை ஏமாற்றக் கூடாதாம்.

ஞாயிற்றுக்கிழமை மருந்துக்கடைக்காரர் வந்தார். பாயை விரித்துப் பார்த்து, தையல் கம்பெனித் தையல் மாதிரி இருக்கிறதே என்றார். வாஷ்பேசின் குழாயை அவரும் திறந்து மூடிப் பார்த்தார். கடைசியில் அப்பாவிடம் திரும்பி, படகில் ஓட்டை கீட்டை ஒன்றும் இல்லையே என்று கேட்டார். அப்பா குனிந்து அந்த மூலையைப் பார்த்தார். நான்தான் சொன்னேன், "ரெண்டு இருக்குங்க. அது எதுக்குன்னு இப்பத்தான் இவருக்குப் புரிஞ்சிருக்கு. இந்த நேரத்துல எப்படிங்க விக்கிறது?" மருந்துக்கடைக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை, கோபித்துக்கொண்டு போனார். அவர் கடைப்பக்கம் கொஞ்ச நாளைக்குத் தலைகாட்ட முடியாது, எனக்கு முட்டிவலி மாத்திரை வேறு தீர்ந்துபோயிருக்கிறது. அப்பா ரொம்ப நேரம் கயிற்றைச் சுற்றி வைத்துக்கொண்டே இருந்தார், சுற்றியதையே பிரித்துச் சுற்றினார். பிறகு, மேகம் இல்லை, ஒரு சுற்றுப் போகலாமா என்று கேட்டார். படகு ஓட்டத் தெரிந்த டாக்டரையும் ஏற்றிக்கொண்டு போனோம். நான் தைத்த பாய் காற்றில் நிமிர்ந்தபோது முதலில் தையலைத்தான் பார்த்தேன், ஒரு இடமும் இழுபடவில்லை. திரும்பி வரும் வரைக்கும் அப்பா பேசிக்கொண்டே வந்தார். என்ன பேசினார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, வாய் ஓயாமல் பேசினார்.

ஆக, உனக்குக் கொடுத்த வாக்கை நான் காப்பாற்றவில்லை. எனக்கும் பயம் இருக்கிறது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். மிதக்க வைக்கிற சட்டையைப் போடாமல் ஏறினால் நான் கரையிலிருந்து கத்துவேன் என்று சொல்லியிருக்கிறேன், போட்டுக்கொள்கிறார். டாக்டர் இல்லாமல் போவதில்லை என்றும் பேச்சு. நீ தூங்கு.

இருவரும் நோய்நொடி இல்லாமல், மனம் நிறைந்து நன்றாக இருங்கள், எங்கள் ஆசி எப்போதும் உங்களோடு. ஒன்றே ஒன்று மறந்துவிடாதே. உன் குளியலறையில் மறுபடி தண்ணீர் தேங்குகிறது என்றாயே, போன தடவை வேறு ஆளைக் கூப்பிட்டுச் சரிசெய்துவிட்டு அப்புறம்தான் சொன்னாய், அன்றைக்கு அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. இந்த முறை யாரையும் கூப்பிடாதே. முதலில் போன் போட்டு அவரிடம் கேள். கருவிப்பெட்டி கட்டிலுக்கு அடியில் இல்லை, வாசல் கதவுப் பக்கத்தில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அம்மா