கடற்கரைக்குத் திரும்பிப் போன மணல்

வாப்பா,

இன்று காலை அடுத்த வளவில் வீடு கட்ட மணல் கொட்டினார்கள். உழவு மெசினின் பின்பெட்டி நிமிர்கிற சத்தம் கேட்டும் நான் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வாசம் யன்னலால் உள்ளே வந்துவிட்டது. வெயிலே படாத மணலின் வாசம். ஈரமும் உப்பும், வேரோடு அறுந்த அடம்பன் கொடியின் பச்சை வாடையும் சேர்ந்தது. மேலாக அள்ளுகிற மணலுக்கு இந்த வாசம் வராது. கடற்கரை மேட்டைக் குடைந்து அடியில் அள்ளினால்தான் வரும். உம்மா வந்து யன்னலைச் சாத்தினார். ஏன் என்று நான் கேட்கவில்லை. பின்னேரம் மணல் ஏற்றுகிற மாமா வருவார் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

நீங்கள் மவுத்தாகி ஒரு மாரி போய் அடுத்த மாரி வரப் பார்க்கிறது. உங்களை நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது உங்கள் முகமல்ல, பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் உங்கள் குரல். பெரிய பிள்ளையானதும் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினீர்கள். அதன் பிறகு கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்த பலகைத் தடுப்பின் பின்னால் உட்கார்ந்து சீனியும் பருப்பும் சுருள் கட்டித் தருவது என் வேலையாயிற்று. சுருளுக்கு வந்த பழைய பத்திரிகைகளை வாசித்துவிட்டுத்தான் கிழிப்பேன். நீங்கள் கண்டும் ஏசியதில்லை. முன்னால் ஆண்கள் உங்களை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிட்டுக் கதைப்பார்கள். அவர்களுக்கு என்னைத் தெரியாது. ஆள் கண்டால் ஒளிகிற எனக்கு அது தோதான இடம்.

அங்கேதான் எல்லாம் தொடங்கியது. செய்தி முடிந்த பிறகு வானொலியில் ஒருவர் பேசினார். ஆலைகளும் வாகனங்களும் விடுகிற புகையால் பூமி சூடாகி வருகிறது, பனி உருகினால் கடல் உயரும் என்றார். எவ்வளவு உயரும், எப்போது உயரும் என்று இன்னும் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனாலும் கரையில் குடியிருப்பவர்கள் இப்போதே யோசிப்பது நல்லது என்று முடித்தார். பலகை இடுக்கால் பார்த்தேன். நீங்கள் கையில் பிடித்த தராசைக் கீழே வைக்காமல் நின்றீர்கள்.

"காக்கா, ரேடியோக்கு பெட்டரி மாத்தாம உடுங்க. கடல் வராது" என்றார் கரைவலை இழுக்கிற ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள்.

நீங்கள் சிரிக்கவில்லை. "நாம ஊடு கட்ட மேட்ட வெட்டி வெட்டி அள்ளுறமே. கடல் ஒரு முழம் ஏறினாலும் அப்ப என்ன நடக்கும்?"

வழக்கமாகச் சீனி வாங்க வரும் ஆசிரியர் ஒருவர் இருந்தார். "இது விஞ்ஞானிமார்ட அனுமானம். இன்னும் தீர்க்கமா நிறுவல்ல. நிறுவாத ஒண்டுக்காக ஊர்ல ஊடு கட்டாம இரிக்கேலுமா?" என்றார்.

"கடல் மாரியில கரையத் தின்னும், கோடையில திருப்பித் தரும்" என்றார் கரைவலைக்காரர். "எங்கட வாப்பாட காலத்திலயிருந்து பாக்கிறம்."

"திருப்பித் தாறத்துக்கு அதுக்கிட்ட மண் இரிக்கணுமே, தம்பி."

"சூறாவளிக்கே தாண்டாத கடல் இது, காக்கா."

"மேடு நிண்டுது. அதால தாண்டல்ல."

"அது உங்கட கணக்கு."

சூறாவளி அடித்தபோது நான் சிறு பிள்ளை. தகரம் பறந்த சத்தமும், உம்மாவின் மடியின் ஈரமும்தான் ஞாபகம். ஆனால் அன்றைக்குப் பலகைக்குப் பின்னால் ஒன்றை விளங்கிக்கொண்டேன். ஒரே புயலைத்தான் இரண்டு பேரும் பார்த்திருக்கிறீர்கள். கடல் வராததை வைத்து அவர் பயப்படத் தேவையில்லை என்றார். அதே கடல் வராததை வைத்து நீங்கள் பயந்தீர்கள். யார் சொல்வது சரி என்று எனக்குத் தெரியவில்லை. நீங்களும் தெரியும் என்று சொல்லவில்லை. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் ஒரே கதையைத்தான் சொன்னீர்கள்: "நான் வரும் எண்டு செல்லல்ல. வந்தா என்ன செய்யிற எண்டு கேக்கிறன்."

கேட்டுக் கேட்டுச் சிலர் அடுத்த தெருக் கடைக்குப் போகத் தொடங்கினார்கள். உம்மா அதைக் கண்டும் பொறுத்துக்கொண்டிருந்தார்.

இது கடைப்பேச்சோடு நின்றிருந்தால் எனக்கு ஒன்றுமில்லை. எங்கள் ஊரில் மாப்பிள்ளை வருவதற்கு முதல் பெண்ணுக்கு வீடு வரவேண்டும். இருந்த வீட்டை எனக்கு மூத்த ராத்தாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு நாம் கடையின் பின்பக்கத்துக்கு வந்தோம். எனக்கென்று இருந்தது கடைக்குப் பின்னால் உள்ள பள்ளக்காணி. ஒரு மழைக்கே அதில் தண்ணீர் நின்றுவிடும். நிந்தவூரில் பேசிய மாப்பிள்ளை வீட்டார் ஹஜ்ஜுப் பெருநாளுக்குள் வீடு எழும்பவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். வீடு எழும்ப முதல் பள்ளம் நிரம்பவேண்டும். உம்மாவின் தம்பி, மெசின் வைத்திருக்கிற மாமா, மேட்டு மணலை எனக்குச் சும்மா ஏற்றித் தருகிறேன் என்றார்.

நீங்கள் வேண்டாம் என்றீர்கள். மேற்கே இருந்து சரளை மண்ணான கிறவல் எடுத்து நிரப்புவோம் என்றீர்கள். அது தூரம், கூலி கூட, ஒரு வருடமாவது இழுபடும் என்று உங்களுக்கும் தெரிந்திருந்தது.

"மச்சான்" என்றார் மாமா, "கடல் வாறதுக்கு நூறு வருசமோ இருநூறு வருசமோ. இந்தப் புள்ளைக்கு நூறு வருசம் இரிக்கா?"

"ஊரெல்லாம் இப்பிடிச் செல்லித்தானே அள்ளுது" என்றீர்கள்.

"அதத்தான் நானும் செல்லுறன். ஊரெல்லாம் அள்ளக்குள்ள நீங்க ஒராள் அள்ளாம உட்டு மேடு நிக்கப்போகுதா?"

பலகைக்குப் பின்னால் நான் மாமாவின் பக்கம் நின்றேன். அவர் சொன்னதில் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இன்றைக்கும் முழுப் பிழை என்று சொல்லமாட்டேன்.

மாப்பிள்ளையின் உம்மா வளவு பார்க்க வந்தபோது முந்திய நாள் மழைத் தண்ணீர் பள்ளத்தில் நின்றது. அவர் சாறியைச் சற்று உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஓரத்திலேயே நின்றார். "தண்ணிக்கு மேலயா ஊட்டக் கட்டப் போறீங்க?" என்று சிரித்துக்கொண்டுதான் கேட்டார். உம்மா தேத்தண்ணி கொடுத்தார். அவர் பாதியோடு கோப்பையை வைத்துவிட்டுப் போனார்.

நீங்கள் அக்கரைப்பற்றுக்குச் சாமான் எடுக்கப் போன ஒரு நாள், உம்மா மாமாவுக்குச் சொல்லியனுப்பினார். மெசின் வந்து ஒரு பெட்டி மணலைப் பள்ளத்தின் ஓரத்தில் கொட்டிவிட்டுப் போயிற்று. நீங்கள் பஸ்ஸால் இறங்கி வந்து பார்த்தீர்கள். சத்தம் போடுவீர்கள் என்று உம்மா அடுப்படியில் காத்திருந்தார். நீங்கள் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டீர்கள். கடையின் கைவண்டிலை எடுத்து வந்து, அந்த மணலை மண்வெட்டியால் அள்ளத் தொடங்கினீர்கள்.

ஒரு முழுப் பகலும் தெருவால் தள்ளிக்கொண்டு போனீர்கள், வாப்பா. கடற்கரை வரைக்கும் போய்க் கொட்டிவிட்டுத் திரும்பி வந்தீர்கள். நான் கதவிடுக்கால் பார்த்துக்கொண்டு நின்றேன். தெருவில் ஒருவர் கேட்டார்: "என்ன காக்கா, கடலுக்கு மருந்து கட்டவா?" இன்னொருவர், "அவரு கடலுக்குச் சீதனம் குடுக்காரு" என்றார். உங்கள் முதுகு வேர்வையில் மினுங்கியது. அதைப் பார்க்க எனக்கு இரக்கமே வரவில்லை. போகிற ஒவ்வொரு வண்டிலும் என் வீடு என்று நினைத்தேன்.

பின்னேரம் நீங்கள் கிணற்றடியில் கால் கழுவும்போது துவாய் கொண்டு வந்தேன். நீங்கள் என்னைப் பார்க்காமல் கேட்டீர்கள்: "மகள், உங்களுக்குக் கோவமா?"

அதுவரை நான் உங்களிடம் எதிர்க்கேள்வி கேட்டதில்லை. "வாப்பா, கடல் வராட்டி?" என்றேன்.

"வராட்டி நல்லந்தானே."

"அப்ப என்ட கலியாணம்?"

துவாயை வாங்கி முகத்தைத் துடைத்தீர்கள். பிறகு, "அதுக்கு எனக்கிட்ட மறுமொழி இல்ல, கிளி" என்றீர்கள்.

ஏதாவது ஒரு மறுமொழி சொல்லியிருக்கலாம். நசீபு, எழுதப்பட்ட விதி என்று சொல்லியிருக்கலாம், வேறு மாப்பிள்ளை வரும் என்று சொல்லியிருக்கலாம். மற்றவர்கள் எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள், நிந்தவூரில் இருந்து பதில் வந்த பிறகு. பதில் மரியாதையாகத்தான் வந்தது. வீடு சுணங்குமென்றால் தங்கள் பிள்ளைக்கு வேறு இடம் பார்ப்பதில் வருத்தப்படவேண்டாம் என்று இருந்தது. மணலைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆனால் தெருவில் நடந்தது நிந்தவூருக்கு எட்டாமல் இருந்திருக்காது. அன்றைக்கு உம்மா உங்களுக்குச் சோறு போட்டுவிட்டு எழும்பி வெளியே போனார். நீங்கள் தனியே இருந்து தின்றீர்கள்.

அதற்குப் பிறகு கிறவல் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. பள்ளத்தின் ஒரு மூலை நிரம்பியது. நீங்கள் ஒரு பகல் கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்திய இடத்தில் சாய்ந்தீர்கள். கடல் இன்றைக்கும் அங்கேயேதான் இருக்கிறது, வாப்பா. நீங்கள் பயந்தது நடக்கவில்லை. மேடு மட்டும் முன்னைப்போல இல்லை. முன்பு கடை வாசலில் இருந்து பார்த்தால் மேட்டின் முதுகு தெரியும். இப்போது அதற்கு மேலால் வள்ளத்தின் பாய் தெரிகிறது. நீங்கள் திருப்பிக் கொண்டுபோய்க் கொட்டிய மணலையும் யாராவது அள்ளியிருப்பார்கள். எந்த வீட்டின் அடியில் அது கிடக்கிறதோ தெரியாது.

மருதமுனையில் இருந்து இப்போது ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. நெசவுக்காரக் குடும்பம். வருகிற வெள்ளிக்கிழமை வளவு பார்க்க வருகிறார்கள். அதனால்தான் இன்றைக்கு மாமா வந்தார்.

"அடுத்த வளவுக்கு ஏத்துறன்தானே, ராத்தா" என்று உம்மாவிடம் சொன்னார். "அப்பிடியே இதுக்கும் ரெண்டு நாளையில நிரப்பிப் போடுவன். மச்சான் இரிக்கக்குள்ளதான் மல்லுக்கு நிண்டாரு. இப்ப ஆரு தடுக்கிற?"

உம்மா கதவுப் பக்கம் திரும்பினார். என்னைத்தான் பார்த்தார் என்று விளங்க எனக்குக் கொஞ்சநேரம் எடுத்தது.

"கிறவல் ஏத்துங்க மாமா" என்றேன், கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு.

மாமா என் குரலை எதிர்பார்க்கவில்லை. "அது எவ்வளவு தூரம் மகள். இந்த மணல் ஏத்தாட்டி மெசினுக்கு வேலையும் இல்ல. நான் என்னத்தத் தின்னுற?"

"கிறவலும் மெசின்லதானே வரணும். எங்களுக்கு மட்டுமில்ல, அடுத்த வளவுக்கும் அதையே ஏத்துங்க. நாங்க ஒரு ஊடு எடுக்காம இரிந்து மேடு நிக்காது. நீங்கதானே அண்டைக்குச் சென்ன."

"ஆரு கேப்பாங்க? அவங்களுக்கு அவசரம்."

"எனக்கும் அவசரம்தான் மாமா."

மாமா மெசினின் சில்லைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு ஏறிப் போனார். ஏற்றுவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. எந்தப் பக்கம் திரும்பினார் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

உங்கள் பயம் எனக்கு வரவில்லை, வாப்பா. இரவில் அலைச் சத்தம் கேட்டு நான் விழிப்பதில்லை. கடல் வரும் என்றும் நான் நம்பவில்லை, வராது என்றும் நம்பவில்லை. ஆனால் ஒன்று என்னை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. வராவிட்டால் எனக்கு ஒரு வருடம் போகும், இன்னொரு சம்பந்தம் போகும். வந்தால் போவது என்னுடையது மட்டுமல்ல. ராத்தாவின் பிள்ளைகள் தூங்குகிற வீடும் அந்த மேட்டுக்குப் பின்னால்தான் இருக்கிறது. இந்தக் கணக்கை நீங்கள் தனியாகப் போட்டீர்கள். விலையை நான் கொடுத்தேன். அதற்காக உங்களோடு எனக்கிருந்த கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை. கணக்குப் பிழை என்று மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை.

வெள்ளிக்கிழமை அவர்கள் வந்து பள்ளத்தைப் பார்ப்பார்கள். எப்போது நிரப்புவீர்கள் என்று கேட்பார்கள். தெரியாது, ஆனால் மேட்டு மணலால் நிரப்பமாட்டோம் என்று நான்தான் சொல்லப் போகிறேன். அப்படிச் சொல்கிற ஆள் எவ்வளவு தனியாக நிற்கவேண்டி வரும் என்று உங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அதனால் உம்மாவை என் பக்கத்தில் வந்து நிற்கச் சொல்லியிருக்கிறேன்.

உம்மா அன்றைக்கு எந்தச் சாறியை உடுக்கிறது என்று மட்டும் கேட்டார்.